சந்திர சூரியர் உள்ளவரை, ஆண்டுக்கு ஒரு வாரம்

சன்னிவேலில் வீற்றிருந்து என் மகள் அதிதிக்கு இரண்டாம் தாயாக விளங்கும் சம்பந்தி அம்மாள் திருமதி கலாவதி அவர்களுக்கு, ஐசலினிலிருந்து மரகதம் மரியாதையுடன் வரைவது. என் இடது முழங்கால் நீங்கலாக இங்கு சகலமும் சுகம். தங்கள் இல்லத்தில் யாவரும் சௌக்கியம் என்பதைத் தாங்கள் நாள்தோறும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரோஜாப்பூக்களால் அறிந்து மகிழ்கிறேன்.

சென்ற ஞாயிறன்று தொலைபேசியில், "எல்லாரும் பொண்ணுக்கு சொத்து எழுதி வைப்பாங்க. நீங்க பில்லு எழுதி வெச்சிருக்கீங்க, சம்பந்தி" என்று தாங்கள் நயம்படக் கூறினீர்கள். ரசித்தேன். ரசித்து முடிக்கவே இரண்டு நாள் பிடித்தது. அத்தகைய சொல்லழகுக்கு வாய்மொழியாக விடை கூறுவது முறையன்று என்பதால் எழுத்தில் கூறுகிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளி என்னைக் கைவிட்டது. நான் படிப்பைக் கைவிடவில்லை. ஆங்கிலம் எடிசன் நூலகத்தில் கற்றது. தமிழோ, வீட்டுப் பெட்டியில் கிடந்த கிரயப் பத்திரங்களைப் படித்துப் படித்துக் கற்றது. அந்தத் தமிழ்தான் என்னைக் கவிழ்த்தது. ஓக் ட்ரீ சாலைப் புடவைக் கடையில் பெயர் எழுதிப் போட்ட சீட்டுக்குப் பரிசு விழுந்ததாகவும், போகோனோ மலையில் இரண்டு நாள் இலவசத் தங்கல் என்றும், ஒரு சிறிய உரையை மட்டும் கேட்டால் போதும் என்றும் அழைப்பு வந்தது. சென்றோம். சிறிய உரை, மதிய உணவைத் தாண்டியும் சிறியதாகவே நீண்டது. உரையாற்றிய பெண் விஷாகா, கோயம்புத்தூர்க்காரி.

"ஆன்ட்டி, இது ரெண்ட் இல்ல. ஓன் பண்றீங்க. வருஷத்துக்கு ஒரு வாரம் இந்த ரூம் உங்களுது. உங்களுக்கப்புறம் உங்க பொண்ணு, அவங்களுக்கப்புறம் அவங்க கிட்ஸ். ஃபாரெவர்."

"புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சந்திர சூரியர் உள்ளவரையா?" என்றேன்.

"எக்ஸாக்ட்லி ஆன்ட்டி. ஸோ ஸ்வீட்."

என் கணவர் அனந்தராமன் காதருகே குனிந்து, "காபி நல்லா இருக்கு. குடிச்சிட்டுக் கிளம்பிடலாம்" என்றார். நாற்பதாண்டு இல்லறத்தில் அவர் உதிர்த்த ஒரே சட்ட ஆலோசனை அது. காபி பற்றியதென்று எண்ணிப் புறக்கணித்தேன். கையொப்பமிட்டேன். அதிதியையும் உடன் உரிமையாளராகச் சேர்த்தேன். தங்கள் மருமகள் அலுவலகப் பேருந்தில் அமர்ந்தபடியே கைபேசியில் விரலால் ஒரு கோடு இழுத்துக் கையொப்பமிட்டாள். அம்மா அனுப்பினால் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் நற்பழக்கத்தை அவளுக்கு ஊட்டி வளர்த்தவளும் நானே.

தாங்களும் பத்திரங்கள் பார்த்திருப்பீர்கள். சந்திர சூரியர் உள்ளவரை ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும் என்பது பாதி வாசகம்தான். தானம் செய்யவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் சர்வ சுதந்திர பாத்தியம் உண்டு என்று மறுபாதி வரும். முதல் பாதியைக் கேட்டவுடன் மறுபாதி பின்னால் எங்கோ இருக்கும் என்று நம்பிவிட்டேன். வீடு திரும்பியதும், இவ்வளவு முக்கியமான ஆவணம் ஆங்கிலத்தில் மட்டும் கிடப்பது அழகல்ல என்று நல்ல தமிழில் பெயர்க்கத் தொடங்கினேன். மறுபாதி வரும் வரும் என்று பக்கம் பக்கமாகப் பெயர்த்தேன். வரவில்லை. ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தவேண்டும், அக்கட்டணம் ஏறலாம், இறங்குவது பற்றிக் குறிப்பில்லை என்பதெல்லாம் வந்தது. கடைசிப் பக்கத்தில், சில நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்ற வாசகத்தை மிக அழகாகத் தமிழாக்கிவிட்டு விஷாகாவை அழைத்தேன்.

"ஐயோ ஆன்ட்டி, அது நேத்தே எக்ஸ்பயர் ஆயிடுச்சே. பட், தமிழ்ல ட்ரான்ஸ்லேட் பண்ணிட்டீங்களா? எங்களுக்கு அனுப்புறீங்களா? நிறைய தமிழ் ஃபேமிலீஸ் வராங்க."

எங்களுக்கு வாய்த்த வாரம் பிப்ரவரியில். அறையிலிருந்து பார்த்தால் பனி. பனிக்கு அப்பால் மேலும் பனி. விற்க முயன்றேன், கேட்பாரில்லை. இலவசம் என்றேன்; அதுவரை நின்று பேசிய அக்கம்பக்கத்தார் நடைப்பயிற்சிப் பாதையை மாற்றிக்கொண்டார்கள். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் குலுக்கல் பரிசாக வைத்தேன். பரிசு விழுந்த குடும்பம் டெக்சாஸுக்கே குடிபெயர்ந்தது. வேலை மாற்றம் என்றார்கள். இருக்கலாம்.

இந்நிலையில்தான், டைம்ஷேர் எனப்படும் இத்தகைய ஆண்டுக்கொரு வார அறைகளின் உரிமையாளர்களைக் காக்க எங்கள் மாநிலத்து ட்ரென்டன் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்திருப்பதாகவும், பாதிக்கப்பட்டோர் அதை ஆராயும் குழுவின் முன் வந்து பேசலாம் என்றும் அறிந்தேன். மசோதாவுக்கு இவ்வூரில் பில் என்றே பெயர். ஆகவே, என் மகளுக்குப் பில் எழுதி வைத்ததாகத் தாங்கள் கூறியதைத் தீர்க்கதரிசனமாகவே ஏற்றுக்கொண்டு, காஞ்சிபுரம் பட்டுடுத்திப் புறப்பட்டேன்.

நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் பேசினார். குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் அன்பின் அடையாளம் இது என்றார். அவ்வளவு அன்பு கொண்டவர் தமக்கொன்று வாங்கியிருப்பாரா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்து நான். எனக்குத் தரப்பட்ட நேரம் குழுத் தலைவிக்கும் உறுப்பினர்களுக்கும் உரிய அடைமொழிகளுடன் வணக்கம் கூறுவதிலேயே செலவாகி, மணியும் அடித்துவிட்டது. அவையடக்கம் இல்லாத நாடு. தலைவி மட்டும், "ப்ளீஸ், ஃபினிஷ்" என்றார்.

நான் ஆங்கிலத்தில் கூறியதன் தமிழாக்கம் பின்வருமாறு: "அம்மையே, எங்கள் ஊர்ப் பத்திரத்தில் இரண்டு பாதி உண்டு. சந்திர சூரியர் உள்ளவரை அனுபவி என்பது ஒன்று. வேண்டாமென்றால் கொடுத்துவிடு என்பது மற்றொன்று. இவர்கள் முதல் பாதியை மட்டும் விற்கிறார்கள். மறுபாதியைச் சட்டத்தில் சேர்த்துத் தாருங்கள். சந்திர சூரியர் இவ்வளவு நாள் இருப்பார்கள் என்று நான் கணக்கிடவில்லை."

அவை சிரித்தது. வழக்கறிஞரும் சிரித்துவிட்டுப் பிறகு நிறுத்திக்கொண்டார். "வேண்டாமெனில் உரிமையாளர் திருப்பி ஒப்படைக்கலாம், நிறுவனம் ஏற்றே தீரவேண்டும்" என்ற வாசகம் சேர்க்கப்பட்டு, மசோதா ஒருமனதாகக் குழுவைக் கடந்தது. வீடு திரும்பும் வழியில் கணவர்தான் கார் ஓட்டினார். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு, "உனக்கு அந்தப் புடவை நல்லா இருந்தது" என்றார்.

ஆகவே சம்பந்தி அம்மாள் இனி நிம்மதியாக இருக்கலாம். எனக்குப் பின் அந்த அறையும் அதன் கட்டணமும் தங்கள் மகன் வீட்டு வாசலில் வந்து நிற்கா. பட்டம் பெற்றவர்கள் நிறைந்த தங்கள் குடும்பத்தை எட்டாம் வகுப்பு விடுவித்திருக்கிறது என்பதை அடுத்த ஞாயிறு அழைப்பில் தாங்கள் குறிப்பிட மறந்தாலும் நான் வருந்தமாட்டேன். அதிதிக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். பேத்திக்கு முத்தங்கள். சம்பந்தி அவர்களின் சர்க்கரை கட்டுக்குள் நிற்கப் பிரார்த்திக்கிறேன்.

தங்கள் அன்பிற்குரிய,
மரகதம் அனந்தராமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் தருவாயில் மசோதாவைக் கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். இரு அவைகளும் ஏற்று ஆளுநர் ஒப்பமிட்டாலும், இச்சட்டம் அதற்குப் பிறகு வாங்குபவர்களைத்தான் காக்குமாம். முன்பே வாங்கியவர்களுக்குச் செல்லாதாம். "ஸோ ஸாரி, மேம்" என்றாள். ஆக, அதிதி அந்த அறையின் சொந்தக்காரியாகவே நீடிக்கிறாள். என் மறுபாதி வாசகமோ அனுபவிக்க ஆளின்றி நிற்கிறது. நம் இரு குடும்பங்களிலும் இதுவரை எதிலும் கையொப்பமிடாமல் இருக்கும் விவேகி தாங்கள் ஒருவரே. சட்டம் அமலுக்கு வந்ததும் தாங்கள் ஒன்று வாங்கினால் முழுப் பாதுகாப்பும் தங்களுக்குக் கிட்டும். தங்கள் தொலைபேசி எண்ணை விஷாகாவிடம் கொடுத்துவிட்டேன். இக்கடிதம் தங்கள் கைக்கு வருவதற்குள் அழைத்திருப்பாள்.