தொட்டிலில் தொங்கிய போர் விமானம்

"வண்டி இல்லாம வீல் வெயிட் வாங்கிட்டுப் போற மொத ஆளு இந்தப் பிள்ளதான்."

டயர் கடைக்காரர் இதை என்னிடம் சொல்லவில்லை. நான் படி இறங்கியதும், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவரிடம் சொன்னார். அவர் தலையைத் தூக்காமல், "காலேஜு படிச்ச பிள்ளைகளே இப்பிடித்தாண்ணே" என்றார்.

திரும்பிப் போய் விளக்கியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. கடையில் விலை கேட்பதற்கே வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போகிறவள் நான். கார் சக்கரத்தில் வைக்கிற ஈயக் கட்டிகள் அரைக் கிலோ. பையில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தேன்.

அன்றைய வேலை இவ்வளவுதான். ஈயம் வாங்க வேண்டும். விமானத்தின் மூக்கில் வைக்க வேண்டும். விமானம் சமமாக நிற்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று மெர்சி அண்ணியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

விமானம் அண்ணனுடையது. ரிமோட்டில் பறக்கிற மாடல், உலகப்போர்க் காலத்துச் சண்டை விமானம் ஒன்றின் நகல். பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எட்டடி. எடை பதினொரு கிலோ. உள்ளே பெட்ரோல் எஞ்சின்.

அருள் அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். போன லீவில் வந்தபோது இதன் பாகங்களைப் பெட்டியோடு வரவழைத்தான். பிரித்தான். மோந்து பார்த்தான். 'என் புது விமானம்' என்று ஸ்டேட்டஸ் போட்டான். "அடுத்த தடவ நான் வாரதுக்குள்ள முடிச்சு வச்சிரு" என்று பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, நிஜ விமானத்தில் ஏறிப் போய்விட்டான்.

மரச்சட்டங்களை ஒட்டியது, ஒயர் இழுத்தது எல்லாம் நான். இ.சி.இ. படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு வேறென்ன வேலை? மேலே போர்த்துகிற பிளாஸ்டிக் தாளை இஸ்திரிப் பெட்டி வைத்து ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியது அண்ணி. பதினொரு மாதம் ஆயிற்று. அடுத்த சனிக்கிழமை அண்ணன் வருகிறான். ஞாயிற்றுக்கிழமை தாடிக்கொம்புப் பக்கம் ஒரு காலி நிலத்தில், மதுரைச் சேக்காளிகளை வரவழைத்து வைத்துக்கொண்டு பறக்கவிடப் போகிறான்.

வால் கனமாக இருந்தால் விமானம் ஏறியவுடன் மூக்கைத் தூக்கிக்கொண்டு, யார் பேச்சையும் கேட்காமல் தரையில் குத்தும். பதினொரு மாத வேலை அரை நிமிஷத்தில் சுள்ளியாகிவிடும். அதற்குத்தான் ஈயம்.

எவ்வளவு ஈயம் என்று பார்க்க ஒரு வழி உண்டு. இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டில் பிடித்துத் தூக்கினால் மூக்கும் வாலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். எங்கள் விமானத்துக்கு இறக்கை உடம்புக்குக் கீழே இருப்பதால், கவிழ்த்துப் போட்டுத்தான் தூக்க வேண்டும். பதினொரு கிலோவை விரல் நுனியில் யார் தூக்குவது?

"தொட்டில் கட்டிருவோம்" என்றார் அண்ணி.

ஹால் கூரையில் என்னையும் அண்ணனையும் ஆட்டிய கொக்கி இன்னும் இருக்கிறது. தொட்டில் கம்பும் பரணில் இருந்தது. அண்ணி தன் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சேலையை முறுக்கி இரண்டு வளையமாக விட்டு, கம்பால் அகட்டி, வளையத்துக்கு ஒரு இறக்கையாக மாட்டிவிடலாம். அருமையான யோசனை. கொக்கி தாங்குமா என்று மட்டும் பார்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் நான் டயர் கடைக்குக் கிளம்பியிருந்தேன்.

திரும்பி வந்தால் கேட்டில் பிலோமினா அக்கா.

பிலோமினா அக்கா எதிர்வீடு. எங்கள் அன்பியத்துக்கு அவர்தான் தலைவி. அன்பியம் என்றால் தெருவில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபம் சொல்கிற குழு. மற்ற ஆறு நாளும் அது வாட்ஸாப் குழுவாக இயங்கும்.

அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்திருக்கிறார். வந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். உள்ளே அண்ணி, வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்று பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் போட்டு, கொக்கியை அண்ணாந்து பார்த்தபடி மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அண்ணிக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். கோயில் வாசலில், ரேஷன் கடையில், துக்க வீட்டில்கூட, "என்ன மெர்சி, விசேஷம் உண்டா?" என்று கேட்டுவிடுவார்கள். அண்ணன் வருஷத்துக்கு ஒரு மாசம்தான் ஊரில் இருப்பான். அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. அவனைக் கேட்டவர்களும் இல்லை.

"ஏ ரோசி, உள்ள தொட்டிலு கட்டிருக்கு?" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"மெர்சி ஆட்டிப் பாக்குறா?"

"கொக்கி தாங்குமான்னு..." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"யாருக்குத்தா?"

இந்த இடத்தில் இரண்டே சொல் போதும். 'விமானத்துக்கு அக்கா.' பி.இ. முடித்த ஒருத்தியால் சொல்ல முடியாத வாக்கியம் இல்லை.

நான் சிரித்தேன். தலையைக் குனிந்துகொண்டு, வெட்கப்பட்டுச் சிரித்தேன். என் வாழ்க்கையில் நடந்த தப்புகளில் பாதி இந்தச் சிரிப்பில் தொடங்கியவை.

அக்கா என் தாடையைத் தொட்டு முத்தம் வைத்துக்கொண்டு, கறிவேப்பிலை வாங்காமலே போய்விட்டார். கேட்டு வந்ததை வாங்காமல் அவர் போய் நான் பார்த்ததே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் ஈயத்தை நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அம்மாவும் அப்பாவும் கொடைரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இருவர்தான். இறக்கைகளைக் குழாயில் செருகி, போல்ட் போட்டு முடுக்கி, விமானத்தைக் கவிழ்த்துத் தூக்கித் தொட்டிலில் மாட்டினோம். இறக்கையின் ஒரு முனை பீரோவை இடித்தது. மூக்கு டிவிக்கு நேரே, வால் அடுக்களை வாசலில். மாட்டிய உடனே வால் சாய்ந்து தரையைத் தொட்டது.

மூக்கில் ஒரு கேரிபேக்கைத் தொங்கவிட்டு ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். நூறு கிராம். அசையவில்லை. இருநூறு. அசையவில்லை. முந்நூறில் வால் லேசாக எழுந்தது.

அண்ணியின் போன் விடாமல் கிணுங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தார்.

"எதுக்கு எல்லாரும் மரியே வாழ்கன்னு போடுறாக?"

நான் ஈயத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"'கடவுள் கண் தொறந்துட்டார் மெர்சி'ன்னு ஆக்னஸ் அக்கா போட்ருக்காக."

நான் மிகவும் கவனமாக எண்ணினேன்.

"ரோசி, கேட்டுல பிலோமினா அக்காகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல அண்ணி."

"அதத்தான் கேக்குறேன். ஏன் ஒண்ணும் சொல்லல?"

நான் இன்னொரு ஈயக் கட்டியை எடுத்துக் கேரிபேக்கில் போட்டேன்.

அடுத்து வந்த செய்தியை அண்ணி வாசித்தார், ஆனால் வாய்விட்டு வாசிக்கவில்லை. நான் எட்டிப் பார்ப்பதற்குள் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஆகிவிட்டது. போட்டது பிலோமினா அக்கா.

"என்ன அண்ணி போட்டிருந்தாக?"

"அருளு ஊருக்குப் போயி பதினொரு மாசம் ஆகுதேன்னு." அண்ணி போனைக் குப்புற வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நானே குழுவில் உண்மையைப் போட்டுவிடுகிறேன் என்றேன். என் போனை எடுத்து, 'அன்பான அக்காமார்களுக்கு' என்று தொடங்கினேன். லெட்டர் மாதிரி இருந்தது. அழித்தேன். 'அது குழந்தை இல்லை' என்று எழுதினேன். அது இன்னும் மோசம். அழித்தேன். விமானத்தை ஒரு போட்டோ எடுத்துப் போட்டுவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் கூப்பிட்டான்.

"என்னடி, நம்ம வீட்ல தொட்டில் கட்டிருக்காகளாம்? ராபர்ட்டு இப்ப போன் போட்டு வாழ்த்துக்கள் மாப்ளேங்கிறான்."

ராபர்ட் பிலோமினா அக்காவின் மருமகன். அவரும் மஸ்கட்தான். திண்டுக்கல்லில் ஜன்னலில் பார்த்த சேதி கடல் தாண்ட முக்கால் மணி நேரம் எடுத்திருக்கிறது.

"விமானத்துக்குண்ணே."

"விமானத்துக்கு எதுக்குடி தொட்டிலு?"

"வால் கனமா இருக்குண்ணே, அதான் கவுத்துப் போட்டு..."

லைன் கட்டாகிவிட்டது.

"உங்கண்ணன் என்ன கேட்டாரு?" என்றார் அண்ணி.

"தொட்டில் எதுக்குன்னு."

"நம்புனாரா?"

"பாதில கட்டாயிருச்சு அண்ணி."

அண்ணி திருப்பிக் கூப்பிட்டார். வேறு அழைப்பில் இருக்கிறார் என்று அந்தப் பெண் இரண்டு மொழியில் சொன்னாள். போனைக் கீழே வைத்தார். பிறகு, "எத்தன கிராம்?" என்றார்.

"நானூத்தி முப்பது."

"பசையக் கலக்கு. இதையாவது முடிப்போம்."

எபாக்ஸி பசை கலந்தேன். அண்ணி ஈயத்தை எஞ்சினுக்குப் பக்கத்துப் பொந்தில் வரிசையாக அடுக்கினார். பசையை ஊற்றினோம். இறுக அரை மணி நேரம் ஆகும். அதுவரை விமானம் மட்டமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் ஒரு பக்கமாக வழுக்கிவிடும். வாலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நான் நின்றேன். தூக்கவும் கூடாது, அழுத்தவும் கூடாது.

ஐந்து நிமிஷத்தில் கை மரத்துப்போக ஆரம்பித்தது. அப்போது காலிங் பெல் அடித்தது.

பிலோமினா அக்கா. பின்னால் ஆக்னஸ் அக்கா, கையில் ஒரு பை ஆரஞ்சு. அவருக்கும் பின்னால் ஒரு பெரியம்மா, கையில் மெழுகுவத்தி.

"ஒரு நன்றி ஜெபம் சொல்லிட்டுப் போயிரலாம்னு வந்தோம் மெர்சி" என்று சொல்லிக்கொண்டே பிலோமினா அக்கா உள்ளே வந்துவிட்டார்.

வந்தவர்கள் மூவரும் நின்றார்கள். சுங்குடிச் சேலையில் ஒரு போர் விமானம், செத்த பெருச்சாளி மாதிரி, கவிழ்ந்து இரண்டு சக்கரத்தையும் மேலே நீட்டிக்கொண்டு தொங்கியது.

"என்னத்தா இது?" என்றார் ஆக்னஸ் அக்கா.

"ஏரோப்ளேன்."

"பிள்ள?"

"இம்புட்டுதாங்கா இருக்கு" என்றார் அண்ணி.

ஆக்னஸ் அக்கா ஆரஞ்சுப் பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பெரியம்மா எதற்கும் இருக்கட்டும் என்று தீப்பெட்டியை எடுத்தார்.

"கொளுத்தாதீங்க, பெட்ரோல் டேங்க்" என்றேன். டேங்க் காலிதான். ஆனாலும் அன்று நான் சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். மூன்று பேரும் அப்போதுதான் வாலுக்குப் பின்னால் நான் நிற்பதைப் பார்த்தார்கள்.

பிலோமினா அக்கா மட்டும் அசரவில்லை. அண்ணியின் வயிற்றைப் பார்த்தார். அங்கே ஒன்றும் கிடைக்காததால் பார்வை என் வயிற்றுக்கு நகர்ந்து வந்தது. திரும்பவும் அண்ணியிடம் போனது.

"அப்ப ஒண்ணும் இல்லைங்கிற?"

"ஒண்ணும் இல்லக்கா."

"அருளு போயி எம்புட்டு மாசம் ஆச்சு?" அக்கா விரலை மடக்கத் தொடங்கினார்.

"பதினொண்ணு. ரெண்டு கை விரலும் பத்தாதுக்கா."

"இல்லத்தா, ஒரு அக்கறைலதான் கேக்குறேன். ராபர்ட்டுகிட்டகூட, நான் பாத்ததத்தான் சொன்னேன். கூடக் கொறச்சு ஒரு வார்த்த சொல்லல."

அண்ணி என் கையைப் பார்த்தார். பிறகு சாதாரணமான குரலில், "அக்கா, செத்த நேரம் இந்த வாலப் பிடிங்களேன். ரோசிக்குக் கை மரத்துப்போச்சு" என்றார்.

அக்காவுக்குச் சந்தோஷம். இதைப் பிடித்தால் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருக்கலாம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, நான் காட்டியபடியே ஏந்திக்கொண்டார்.

"தூக்கக்கூடாது, அழுத்தவும் கூடாதுக்கா" என்றேன். "விட்டீகன்னா ஈயம் வழுக்கி, மூக்கு தரையில இடிச்சிரும். இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்."

"நான் விட மாட்டேன். நீ போ."

ஆக்னஸ் அக்கா அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். ஆரஞ்சும் கூடவே கிளம்பியது. பெரியம்மா மெழுகுவத்தியை மடியில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனார்.

அண்ணி கையில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்தார். போனை எடுத்து அண்ணனுக்கு வீடியோ கால் போட்டார். இந்தத் தடவை எடுத்துவிட்டான்.

"மெர்சி, என்ன நடக்குது அங்க? ராபர்ட்டு என்னென்னமோ..."

"பாத்தவுகளே இங்கதான் இருக்காக. நேராவே கேட்டுக்கங்க" என்றார் அண்ணி.

ஸ்டூலை இழுத்து பிலோமினா அக்காவின் முகத்துக்கு நேரே போட்டு, போனை அதில் சாய்த்து வைத்தார். அடுக்களைக்குள் போய், இரண்டு தட்டு எடுத்து, எனக்கும் தனக்கும் சோறு போட்டார்.