ராஜையாவின் உத்தரவும் ஆனந்தபாயின் ‘ஓ’வும்

உத்தரவு போடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை வீட்டுக்கு ஒருவர் தேறுவார். அடையாளம் சுலபம்: நாற்காலியில் நிமிர்ந்திருப்பார், குரல் ரோடு வரை கேட்கும், சொன்னது எதுவும் நடந்திருக்காது.

சிமெண்ட் கட்டைக் கம்பெனி முதலாளி ராஜையாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்று, தலையில் மணல் சுமந்து, இரண்டு லாரிக்கு உடையவரானவர். அதை நாளைக்கு மூன்று முறை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கைபேசியில் எழுதுவது மட்டும் தகராறு. அவர் சொல்லச் சொல்ல, மனைவி ஆனந்தபாய்தான் எழுதி அனுப்புவார்.

“அனுப்பியாச்சா?”

“ஓ.”

ஒரே எழுத்து; எங்கள் பக்கம் ‘ஆமாம்’ என்று பொருள். அதற்கு மேல் அந்த அம்மாள் பேசியதில்லை.

மகள் ஜெஸ்னாவுக்குப் பெங்களூரில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. சனிக்கிழமைக்குள் சம்மதம் எழுதாவிட்டால் இடம் போய்விடும்.

“அங்க போய் என்னத்த மக்கா பாக்கப் போற?”

“செல்லுக்குள்ள ஜீன் உண்டுல்லா அப்பா, அது நடுவுல இருந்து உத்தரவு போடும். உத்தரவு நகலா வெளிய வரும். வாற வழியில பொடிசா ஆர்என்ஏ ஒண்ணு அந்த நகல்ல ஒட்டிக்கிடும். நகல் துண்டாப் போவும். காரியம் நடக்காது.”

“அப்ப ஜீனு?”

“அதுக்கு ஒரு கேடும் இல்ல. அது பாட்டுக்கு உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கும்.”

இதைக் கண்டுபிடிக்கப் படித்தவர்களுக்கு ஆய்வுக்கூடம் வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் அடுக்களை வாசலில் நின்றாலே போதும்.

ராஜையா விழுந்து விழுந்து சிரித்தார். “நாணங்கெட்ட ஜீனு! நம்ம வீட்டுல நடக்குமா? நான் சொன்னா சொன்னதாக்கும். ஏட்டி, பெங்களூருக்கு எழுது: மக வரமாட்டா, கம்பெனியப் பாத்துக்கிடுவா.”

ஜெஸ்னாவின் முகம் வெளிறியது. ஆனந்தபாய் கைபேசியை எடுத்தார், கண்ணாடியைத் துடைத்தார், நிதானமாக எதையோ எழுதினார்.

“அனுப்பியாச்சா?”

“ஓ.”

அடுத்த வாரம் வாசலில் ஜெஸ்னாவின் பயணப் பெட்டி நின்றது. “யாரக் கேட்டு?” என்று ராஜையா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கம்பெனியில் சிமெண்ட் கட்டை வார்க்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் ஆனந்தபாய் வாய் நிறையப் பேசினார். “நீங்க சொல்லித்தானே போறா? மணல் சுமந்த மனுசன் மகள விஞ்ஞானி ஆக்குதாருன்னு சர்ச்சுல அத்தன பேரும் சொல்லுதாவ. இல்லன்னு சொல்லட்டா?”

 ராஜையாவின் நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது.

“பின்னே? நான் சொன்னா சொன்னதாக்கும்! எலே, பெட்டியத் தூக்கி வண்டியில வைங்கலே!”

சிரிக்கிறீர்கள், நல்லது. இன்று காலை நீங்களும் வீட்டில் ஏதோ உரக்கச் சொன்னீர்களே, உள்ளேயிருந்து என்ன பதில் வந்தது?