எழும்ப விடாத கிட மாஸ்டர்

அன்றைக்கு அந்தக் குறுகிய ஒழுங்கையில் இருந்தவர்கள்: நான், எனக்குப் பின்னால் இன்னொரு மோட்டார்சைக்கிளில் கிட மாஸ்டர், வீட்டு வாசலிலிருந்து காரைப் பின்னுக்கு எடுத்த ஒரு நொர்வேஜியக் கிழவி, நடைபாதையில் நாயோடு ஒரு மனிதர், அந்த நாய். ஐந்து பேரில் நாய் மட்டும்தான் பதறவில்லை.

மாஸ்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒஸ்லோவில் இருக்கிற அத்தனை தமிழரிலும், விழுந்தவனை எழும்ப விடாத ஒரே மனிதர் அவர்தான். மற்றவர்கள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து நிமிர்த்தி, தூசி தட்டி, சோடா பருக்கி அனுப்பிவைப்போம். அவர் மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்து, "கிட! எழும்பாதை!" என்று கத்துவார். பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயர் அவர் பஸ் ஓட்டுகிற கொம்பனிக்கு மட்டும் தெரியும்.

இந்த வியாதி அவருக்கு நொர்வேயின் வடக்கே, பாட்ஸ்பியோர்ட்டில் தொற்றியது. எண்பதுகளில் அங்கே மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் இருந்தவர், ஒரு காலை வாசலில் பனிக்கட்டி வழுக்கி, நொர்வேஜியப் பெண்கள் வரிசையாக நின்று பார்க்க, மல்லாக்க விழுந்தார். எங்கள் ஆட்களுக்கு விழுந்தால் வலிக்கு முன்னம் வெட்கம்தான் வரும். துள்ளி எழும்பி, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று தமிழிலேயே சிரித்துச் சமாளித்துவிட்டு இரண்டு நாள் மீன் வெட்டினார். மூன்றாம் நாள் கால் தலையணை அளவுக்கு வீங்கி, சப்பாத்தைக் கத்தியால் கீறித்தான் கழற்றினார்களாம்.

"விழுந்ததாலை எனக்கு ஒரு மாதம் படுக்கை. வெக்கப்பட்டு எழும்பினதாலை ஆறு மாதம்," என்பார்.

ஒரு பனிக்காலம், தமிழ்க்கடை வாசலில் ஒரு அக்கா சறுக்கி விழுந்தார். சுற்றிவரக் கத்தரிக்காய். மாஸ்டர் குறுக்கே பாய்ந்தார்.

"கிடவுங்கோ அக்கா! மூண்டு எண்ணுங்கோ!"

"உன்ரை மூண்டும் நீயும்! கையைத் தாடா, குளிருது!"

"விரலை ஆட்டிப் பாருங்கோ முதல்."

அக்கா விரலை ஆட்டவில்லை. கைக்கு எட்டிய கத்தரிக்காயை எறிந்தார். மாஸ்டர் அதைப் பிடித்துப் பையில் போட்டுவிட்டு, "கை சரி," என்றார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பு ஏறாத இடமெல்லாம் எனக்குப் பயம் ஏறியிருந்தது. அப்படிப்பட்ட நான் இரண்டாயிரத்து ஐந்திலோ ஆறிலோ மோட்டார்சைக்கிள் வாங்கவேண்டி வந்ததற்குக் காரணம் பேக்கரி வேலை. எங்கள் வீடு இருந்த மோர்டென்ஸ்ருட்டிலிருந்து நான் விடியமுன் புறப்படுகிற நேரத்துக்கு ரயில் ஓடாது. லைசென்ஸ் எடுத்த பிறகும் மனைவி சாவியைத் தரவில்லை. "அந்தக் கிட மாஸ்டரிட்டை விழப் பழகிப்போட்டு வாங்கோ," என்றார்.

மாஸ்டர் தன்னுடைய பழைய தோல் ஜக்கெற்றைத் தொள்ளாயிரம் குறோணருக்கு என் தலையில் கட்டினார். அறுநூறு கொடுத்தேன், மிச்சம் கடன். பிறகு மாடிவீடுகளுக்குப் பின்னாலிருக்கும் பந்தடிக்கிற புல்தரையில் பாடம் தொடங்கியது.

"முட்டத்தான் போறாய் எண்டு தெரிஞ்சால் என்ன செய்வாய்?"

"கடவுளே எண்டுவன்."

"அதைப் பிரேக் பிடிச்சுக்கொண்டு சொல்லு. நிமிந்தபடி, கடைசி மட்டும் பிடி. எவ்வளவு வேகம் குறையுதோ அவ்வளவு லாபம். காரைப் பாராதை, போகக்கூடிய இடைவெளியைப் பார். கண் போற இடத்துக்குத்தான் சில்லுப் போகும். சறுக்கி விழுந்திட்டியோ, ஹாண்டிலை விட்டிடு."

"மோட்டார்சைக்கிள் பழுதாப் போகுமே அண்ணை?"

"போகட்டும். நீ அதோடை போகாதை. கையை நிலத்திலை ஊண்டாதை, நெஞ்சோடை மடி. நிண்டிட்டன் எண்டு நினைச்ச பிறகும் மூண்டு எண்ணு. சறுக்கிக்கொண்டிருக்கேக்கை எழும்பினவன்தான் எலும்பை முறிச்சவன்."

புல்லில் படுத்து நெஞ்சில் கைமடித்து, நாற்பது தடவை மூன்று எண்ணினேன். அந்தப் பக்கம் போன இரண்டு கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

இனி அந்த ஒழுங்கைக்கு வருகிறேன். மே மாதம், பின்னேரம். பனிக்காலத்தில் வழுக்காமலிருக்க வீதியில் கொட்டிய பொடிக்கல்லை அங்கே இன்னும் கூட்டியிருக்கவில்லை. வேலை முடிந்து நான் முன்னால், எனக்குக் காவலாக மாஸ்டர் பின்னால். கிழவியின் கார் பின்பக்கமாக வெளியே வந்தது.

நிமிர்ந்தபடி பிரேக் பிடித்தேன். வேகம் பாதிக்கு மேல் இறங்கியது. காருக்கும் வேலிக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தேன். சில்லும் அங்கேதான் போனது, ஆனால் அங்கேதான் பொடிக்கல்லும் கிடந்தது. சறுக்கியது. ஹாண்டிலை விட்டேன், கையை மடித்தேன், முதுகில் போய்க்கொண்டே எண்ணினேன். மூன்று என்றபோதும் போய்க்கொண்டுதான் இருந்தேன். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். வேலிச் செடி வந்து என்னை நிறுத்தியது. விரல் ஆடியது, கால் ஆடியது, கழுத்துக் கொஞ்சம் வலித்தது. ஆகவே கிடந்தேன்.

மாஸ்டர் ஓடிவந்தார்.

"டேய் தம்பி! எழும்படா!"

"இல்லை அண்ணை."

"ஒருக்கா எழும்பிக் காட்டடா! உன்ரை மனுசிக்கு நான் என்னடா சொல்லுறது?"

"நீங்கள்தானே கிட எண்டு சொன்னனீங்கள்?"

"அது மற்ற ஆக்களுக்கடா!"

சொல்லிக்கொண்டே என் ஹெல்மெட் பட்டியில் கைவைத்தார். "கழத்தாதேங்கோ அண்ணை! கழுத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் நாய்கூடத் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் அப்படியே நிலத்தில் குந்தியிருந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். கிழவி போர்வை கொண்டுவந்து அவருக்குத்தான் போர்த்தினார். நாய்க்காரர் கூப்பிட்ட அம்புலன்ஸ்காரர்களும் முதலில் அவரிடம்தான் போனார்கள்.

எனக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு, மூன்று நாள் கழுத்துப் பிடிப்பு, அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க நான் பயந்த காரியங்களில் நிசமாக நடந்தது அது ஒன்றுதான். அது நடந்தபோது எனக்குப் பயப்பட நேரம் கிடைக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் மனைவி ஜக்கெற்றின் முதுகிலிருந்த கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மாஸ்டருக்கு மீன்குழம்பு வைத்தார்.

சாப்பிட்டு முடித்த மாஸ்டர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "நான் எழும்பு எண்டதும் அழுததும் ஒருத்தருக்கும் தெரியப்படாது. சொல்லாட்டி ஜக்கெற்றின்ரை மிச்சக் காசு வேண்டாம்."

ஒப்புக்கொண்டேன். இத்தனை வருடம் மூச்சு விடவில்லை. எனக்காக ஒரு மனிதர் தன் கொள்கை முழுவதையும் ஒரு நிமிடம் மறந்து நின்றதை இதற்கு மேலும் மறைத்துவைக்க மனம் வரவில்லை, எழுதிவிட்டேன்.

ஆகவே மாஸ்டருக்கு நான் இன்று முதல் கொடுக்கவேண்டியது முந்நூறு குறோணர்.