மாப்பிள்ளை லாரியின் பின் அச்சு எழுதுவது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம், என் வலது முழங்கால் நீங்கலாக. அதற்குக் காரணம் நீங்கள் வாங்கப்போகும் லாரி. போனில் சொன்னால் பாதியில் "சிக்னல் இல்ல மாமா" என்பீர்கள். அதனால்தான் உங்கள் லோடு ஆபீஸ் முகவரிக்குக் கடிதம்.

அடுத்தவர் வண்டியில் இரும்புக் குழாய் ஏற்றிப் போனது போதும், சொந்தமாக ஒன்று எடுக்கலாம் என்று முடிவு செய்தீர்கள். நல்லது. பக்கச்சுவர் இல்லாத ஃபிளாட்பெட் ட்ரெய்லரையும் பேசி முடித்துவிட்டீர்கள். அதை இழுக்கும் முன்வண்டிக்கு வீல்பேஸ் எவ்வளவு, அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே எத்தனை நீளம் என்பதை மட்டும் இந்த வாரத்துக்குள் ஷோரூமில் சொல்ல வேண்டும், கொஞ்சம் விசாரித்து வையுங்கள் என்று என்னிடம் விட்டீர்கள். ஆயுள் முழுக்கப் பேண்ட் தைத்தவனிடம் லாரிக்கு அளவு கேட்ட முதல் மாப்பிள்ளை நீங்கள்தான். அளவு என்று வந்தபின் தையல்காரன் பின்வாங்கலாமா? இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஷோரூம் தம்பி மரியாதையானவர். நீளமான வீல்பேஸ் என்றால் சாலையில் குலுக்காது, எடை அச்சுகளில் ஒழுங்காகப் பரவும், சங்கிலிப் பெட்டிக்கும் தார்ப்பாய்க்கும் கேபினுக்குப் பின்னால் இடம் கிடைக்கும், சீட்டுக்குப் பின்னால் பெரிய படுக்கையும் வைக்கலாம் என்றார். குட்டையானது இடுக்கான இடத்திலும் சட்டென்று திரும்புமாம். ஆனால் படுக்கை ஒரு ஆளுக்குத்தான், அவரும் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். "பெரும்பாலும் என்ன லோடு சார்?" என்று கேட்டார். "எங்க மாப்பிள்ளைதான்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

நான் சொன்னதில் என்ன தப்பு? எனக்கு இரும்புக் குழாய் முக்கியமில்லை. நம் வீட்டு மாடியில் நீங்கள் குடியிருப்பதாகப் பெயர், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து வழியில் இருந்ததுதான் அதிகம். தெருவில் பெரிய ஹாரன் கேட்டால் உங்கள் மனைவி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுச் சன்னலுக்குப் போகிறாள். வருவது தண்ணீர் லாரி. திரும்பி வந்து ஒன்றும் நடக்காத மாதிரி கரண்டியை எடுத்துக்கொள்கிறாள், பெற்றவனுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நீளமான வண்டி நம் தெருமுனையில் திரும்பாது. அதை ஊருக்கு வெளியே யார்டில் நிறுத்திவிட்டு, அந்தப் பெரிய படுக்கையிலேயே கால் நீட்டிவிடுவீர்கள். குட்டையானது என்றால் வாசலுக்கே வரும் அல்லவா?

வருமா என்று பார்த்துவிட ஒத்திகை வைத்தோம். என் மைத்துனர் முன் அச்சு, நான் பின் அச்சு. நடுவே வீல்பேஸுக்குப் பதிலாகத் துணி காயப்போடும் மூங்கில். எதிர்வீட்டு பஸ் டிரைவர், ஓய்வுபெற்றும் விசிலை விடாதவர், ஊதி ஊதி வழி சொன்னார். நீளமான மூங்கிலோடு போனபோது முன் அச்சு அழகாகத் திரும்பியது. பின் அச்சாகிய நான் முனையை ஒட்டி உள்ளே இழுபட்டு, மருந்துக்கடைப் படியில் முழங்காலை இடித்துக்கொண்டேன். மைத்துனர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன் அச்சு பின்னால் பார்க்கக் கூடாதாம். குட்டை மூங்கிலோடு அலுங்காமல் குலுங்காமல் வாசல்வரை வந்தோம். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. குட்டைதான் என்று நொண்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னேன். உங்கள் மனைவி வெளியே வந்து மூங்கிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் சரிப்பா. ட்ரெய்லர் எங்கே?"

சட்டையை அளந்துவிட்டுக் கையை மறந்த தையல்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ட்ரெய்லரைச் சேர்த்தால் தலை நம் வாசலிலும் வால் மாவு மில்லிலும் அல்லவா நிற்கும். நல்லவேளையாக பஸ் டிரைவர் மானத்தைக் காப்பாற்றினார். ட்ரெய்லரை யார்டில் கழற்றி வைத்துவிட்டு முன்வண்டியை மட்டும் வீட்டுக்கு ஓட்டி வரலாமாம். சொல்லிவிட்டு என் மகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். தினமும் போகும் கம்ப்யூட்டர் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கிளம்பிவிட்டாள்.

ஆகவே குட்டை. கொஞ்சம் குலுக்கும், தார்ப்பாயை எங்கே சொருகுவது என்று அலைவீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். படுக்கை சின்னதாக இருந்தால்தான் மனிதனுக்கு வீட்டு ஞாபகம் வரும். ஷோரூமில் நாளை நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், தட்டாதீர்கள்.

கட்டிய சங்கிலி தளராமல், போட்ட தார்ப்பாய் பறக்காமல், ஏற்றியது ஏற்றியபடி இறங்க உங்கள் மாமியாரும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
நொண்டினாலும் அன்பு குறையாத மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டச் சொல்லி உங்கள் மனைவியிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டாள். முந்தாநாளே ஷோரூமுக்குப் போன் செய்து நீளமான வீல்பேஸ் என்று சொல்லி முடித்துவிட்டாளாம். "பெரிய படுக்கை ரெண்டு பேருக்குப்பா. நானும் கூடப் போறேன். தார்ப்பாய் இழுத்துக் கட்ட அவருக்கும் ஒரு ஆள் வேணும்ல" என்கிறாள். கம்ப்யூட்டர் வகுப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. பஸ் டிரைவர் சொல்லிக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூலில் இத்தனை நாளாகக் கனரக வண்டி ஓட்டியிருக்கிறாள். உங்கள் மாமியாருக்குத் தெரியும், என் மைத்துனருக்குத் தெரியும். தெரியாதது பின் அச்சுக்கும், அதற்குப் பின்னால் வரும் ட்ரெய்லராகிய தங்களுக்கும்தான். போகட்டும், முன் சக்கரம் போன பக்கம்தானே நாம் வந்தாக வேண்டும். கேபினுக்குத் திரை தைக்கத் துணி எடுத்துவிட்டேன். சன்னல் அளவை அனுப்புங்கள், தையலுக்கு ஓரத்தில் கொஞ்சம் துணி நான் விட்டுக்கொள்கிறேன். இன்னொன்று. பெரிய ரோட்டில் நம் தெருவைத் தாண்டும்போது அவளை ஒரு ஹாரன் அடிக்கச் சொல்லுங்கள். இனிமேல் சன்னலுக்குப் போகப்போவது நான்தான்.