அச்சுவின் பஸ் கண்ணாடிகள்

கிழக்குத் தாம்பரம்,
6-11-1974, புதன்கிழமை.

என் அச்சுக்குட்டிக்கு,

அக்கா ஞானசௌந்தரி எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஆறு கோழிகளும் சுகம். உன் சுகத்தையும் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஒரு வருஷம் ஆனவனிடம் சுகம் கேட்டால் பக்கத்து வீட்டு மெட்டில்டா டீச்சர் சிரிப்பாள். ஆகையால் கேட்டதாக வைத்துக்கொள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், எப்போதும் போல் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காராதே. இதைத் தபாலில் போட வழியில்லை. உன் கருவிப்பெட்டியில் உளிக்கு அடியில் வைப்பேன்.

உன்னைப் புகழ்ந்து எழுத உட்காரவில்லை. உன் கண்ணாடிகளால் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான். பல்லாவரத்தில் நீ வேலை பார்த்த பஸ் பாடி கட்டும் கம்பெனியில் பழைய வண்டியைப் பிரிக்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டி வந்து பின்கட்டு ஷெட்டில் அடுக்கினாயே, ஒன்றையாவது ஒரு நாளாவது வெட்டினாயா? இல்லை. "அக்கா, இது சூடு பண்ணி இறுக்கின கண்ணாடி. இத வெட்டவே கூடாது. இது எந்த அளவோ அந்த அளவுக்குத்தான் நாம சட்டம் பண்ணணும்" என்பாய். அதனால் அடுப்படி ஜன்னல் பஸ் ஜன்னல் அளவு, அரிசிப்பெட்டி மூடி பஸ் ஜன்னல் அளவு, கோழிக்கூட்டுக் கதவும் அதே அளவு, எல்லாவற்றுக்கும் மூலை உருண்டை. கோழிகள் உள்ளேயிருந்து வெளியே பார்க்கும்போது செங்கல்பட்டுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் மாதிரி இருக்கும். உனக்கு வெட்டத் தெரியாது, அதை மறைக்கத்தான் இந்தக் கதை என்று நான் நினைத்தேன். மன்னித்துக்கொள். அதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

உன்னுடையதென்று இருப்பது ஒரே போட்டோ, கம்பெனி அட்டைக்கு எடுத்ததை ஸ்டுடியோவில் தபால் கார்டு அளவுக்குப் பெரிதாக்கியது. அந்த ஸ்டுடியோவும் இப்போது இல்லை, இன்னொரு பிரதி எடுக்கவும் முடியாது. கண்ணாடி போடாமல் ஒரு வருஷம் சுவரில் நின்றதில் மழை ஈரம் ஏறி உன் இடது காது வெளுத்துவிட்டது. இந்த அடைமழையும் பட்டால் முகமே போய்விடும் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உனக்கு வருஷ ஜெபம் வந்தது, அதற்குள் கண்ணாடி போட்டாக வேண்டியிருந்தது. ஷெட்டில் உன்னுடையது பதினொன்று இருக்க, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் உன்னை வைக்க மனசு வரவில்லை. மேற்குத் தாம்பரத்தில் படத்துக்குச் சட்டம் போடுகிற துரைராஜைப் போன வியாழக்கிழமை கூட்டிவந்தேன். இதை வெட்டக்கூடாது என்று தம்பி சொல்லுவான் என்றேன். "அக்கா, வெட்டக்கூடாத கண்ணாடின்னு ஒலகத்துல ஒண்ணு கீதா?" என்று சிரித்தான். வைரம் வைத்த கோலை எடுத்து, அடிமட்டம் வைத்து ஒரு கோடு கிழித்தான், அவ்வளவுதான். கண்ணாடி முழுசும் ஒரே நொடியில் கல்கண்டாக உதிர்ந்து கூடமெல்லாம் ஓடியது. மட்டமான பீஸ் என்று அடுத்ததை எடுத்தான், அதுவும் போச்சு. மூன்றாவதுக்கு மண்ணெண்ணெய் தடவினான், மண்ணெண்ணெய் வாசனையோடு உதிர்ந்தது. நான்காவது போனதும் அவன் முகம் வெளிறிவிட்டது. உன் படத்தைப் பார்த்து மெதுவாக, "அக்கா, உன் தம்பிக்கு எம்மேல எதுனா கோவமா?" என்று கேட்டான். செருப்பை விட்டுவிட்டே போனான், இன்னும் வாசலில் கிடக்கிறது. சத்தம் கேட்டு மெட்டில்டா வந்தாள். இதெல்லாம் விஞ்ஞானம், வெந்நீரில் ஊறவைத்துவிட்டு வெட்டினால் வரும் என்றாள். ஐந்தாவது, அவள் சொன்னபடி, அவள் கையாலேயே. அவள் கொண்டையில் இருந்து மறுநாள் பள்ளிக்கூடத்தில் கண்ணாடி உதிர்ந்ததாம். நான் சோறு, குழம்பு, பாய் எல்லாவற்றிலும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். நீ செத்த அன்றுகூட இந்த வீட்டை இத்தனை முறை பெருக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வேறு வழி தெரியாமல் நீ சொன்னபடியே செய்தேன். ஆறாவது கண்ணாடியை வெட்டாமல் அப்படியே படுக்கவைத்து, சுற்றி நாலு பலகையை உன் சுத்தியலால் நானே அடித்தேன். ஆணி எடுத்துக் கொடுத்தே பழகினவள், விரல் ஒன்று நசுங்கிற்று. அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு நடுவில் தபால் கார்டு அளவு நீ. மிச்ச இடத்துக்கு அப்பாவின் பழைய குடைத்துணியைப் பின்னால் ஒட்டினேன். சுவரில் மாட்டின பிறகுதான் பார்த்தேன். கண்ணாடியின் மேல் ஓரத்தில், பஸ்காரர்கள் எழுதினது மங்கலாக இருந்தது. கருப்புத் துணி பின்னால் வந்ததும் பளிச்சென்று தெரிகிறது: தலை, கையை வெளியே நீட்டாதீர். கீழே நீ, எண்ணெய் வைத்துச் சீவின தலையோடு. சுரண்டிப் பார்க்கப் பயம். இதுவும் உதிர்ந்து உன் படத்தைக் கீறிவிட்டால் இன்னொரு படத்துக்கு எங்கே போவேன்?

ஞாயிறு பாஸ்டர் ஐயா வந்து உன் பொறுமையைப் பற்றி நீளமாக ஜெபித்தார். நடுவில் கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்துவிட்டார். குரல் ஒரு மாதிரி ஆகி, இருமல் என்று தண்ணீர் கேட்டார். மெட்டில்டா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஒருத்தர் தோள் குலுங்க, அடுத்தவர் தோள் குலுங்க, கடைசியில் நானே சிரித்துவிட்டேன். சிரித்தது எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. இந்த ஒரு வருஷத்தில் நான் அழுதது அன்றைக்குத்தான். முகத்தைக் கழுவிவிட்டு வந்தபோது எல்லாரும் கேக் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஆகவே தீர்மானம் செய்துவிட்டேன். மிச்சம் ஐந்து கண்ணாடியும் இந்த வீட்டில் இருக்கக் கூடாது. அவற்றைப் பார்த்தால் நீ சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்கிறது, என்னால் ஆகவில்லை. நாளைக் காலையில் பழைய சாமான் கேசவன் வண்டியோடு வருகிறான், ஷெட்டைக் காலிசெய்து வெள்ளையடித்துவிடுவேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

அங்கே அம்மாவைப் பார்த்தால் என் தோத்திரத்தைச் சொல். அப்பாவிடம் குடைத்துணி விஷயம் சொல்லாதே. கர்த்தர் உன்னை எந்த ஜன்னலோரத்தில் உட்காரவைத்தாலும் சமாதானமாக இரு.

உன் அக்கா,
ஞானசௌந்தரி.

பின்குறிப்பு: வியாழன் காலை. கேசவன் வந்தான். கண்ணாடியா இது, பாறாங்கல் கணக்காகக் கனக்கிறது என்று திட்டிக்கொண்டே நாலைத் தூக்கி வண்டியில் வைத்தான். அடியில் இருந்த ஐந்தாவது மட்டும் தனியாகச் சாக்கில் சுற்றியிருந்தது. பிரித்தால், கண்ணாடி மேல் உன் சுண்ணாம்புக்கட்டி எழுத்து: அக்காவுக்கு. கூடவே இழைத்து வழவழப்பாக்கின தேக்குச் சட்டம் நாலு, இரண்டு நீளம், இரண்டு குட்டை, ஒரு ஜோடிக் கீலோடு கயிற்றில் கட்டி. கேசவனை நாலையும் திரும்ப இறக்கிவைக்கச் சொன்னேன். "இன்னாக்கா, பேஜார் பண்றியே" என்று முணுமுணுத்துக்கொண்டே இறக்கிவிட்டுப் போனான். அவன் போனதிலிருந்து அந்தச் சட்டங்களைத் தரையில் இப்படியும் அப்படியும் வைத்துப் பார்க்கிறேன். கதவு போலவும் இருக்கிறது, மூடி போலவும் இருக்கிறது. எனக்கு என்னடா பண்ண இருந்தே, அச்சு?