தானா ராத்தாவுக்கு நான் கொண்டுபோன கேஸ்

அடுத்தவரை நாக்கை நீட்டச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவனுக்குத் தன் நாக்கை ஒரு நாளாவது கண்ணாடியில் பார்க்கத் தோன்றாது. காலமெல்லாம் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தவன் சொல்கிறேன், நம்பலாம். (டிரெஸ்ஸர் என்றால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். டாக்டர் எப்போதாவது எட்டிப் பார்க்கும் தோட்டத்தில் மற்ற நாளெல்லாம் அவர்தான் டாக்டர். நான் அப்படித்தான் நடந்துகொண்டேன்.)

மலாய் நாட்டில் ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை போய்விட்டார், தேயிலைச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. லயன் என்கிற வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிரை வைத்திருந்தார்கள். அரிசி அபூர்வமாக வரும். அதுவும் தீட்டித் தீட்டிச் சத்தெல்லாம் போன வெள்ளை அரிசி. அதனால் பெரிபெரி வந்தது. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் நெஞ்சைப் பிடிக்கும். தவிடு தின்றால் சரியாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். தவிடெல்லாம் ராணுவக் கிடங்கில் இருந்தது.

லயனில் வீராசாமி என்று ஒருவர், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவருக்குக் கால் வீங்கியிருந்தது, அவர் மனைவி பாக்கியத்துக்கும்தான். அவர்களுடைய கைக்குழந்தை கனகம் அழுதால் சத்தம் வராது. வாய் திறக்கும், முகம் சிவக்கும், காற்று மட்டும் வரும். தாய்ப்பாலில் அந்தச் சத்து இல்லாவிட்டால் குழந்தைக்கு முதலில் குரல் போகும், பிறகு குழந்தையே போய்விடும். அதே லயனில் அப்படி ஒரு குழந்தையை ஏற்கெனவே புதைத்திருந்தோம்.

அப்போதுதான் உத்தரவு வந்தது. மலையில் இன்னும் மேலே உள்ள தானா ராத்தா ஊரில் ஜப்பானிய ராணுவ டாக்டர் ஒருவர் மருத்துவ மாநாடு கூட்டுகிறார். சுற்றுவட்டாரத் தோட்டத்து டிரெஸ்ஸர்கள் ஆளுக்கொரு நோயாளியோடு வந்து, கேஸை விளக்கி நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் அந்தத் தோட்டத்துக்கு வேண்டியது கிடைக்கும். பொய்க் கேஸ் என்றால் கன்னத்தில் அறை. (மருத்துவ மாநாடுகளில் இந்த இரண்டாவது வழக்கம் இப்போது இல்லையாம். இருந்தால் பேச்சுகள் இன்னும் சுருக்கமாக இருக்கும்.)

தவிடு இல்லாமல் திரும்புவதில்லை என்று என் மனைவி அன்னம்மாளிடம் சபதம் செய்தேன். வீராசாமிதான் கேஸ். அவரிடம் காட்டுவதற்கு இரண்டு அருமையான சோதனைகள் இருந்தன. முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு குந்தினால் அவரால் எழுந்திருக்க முடியாது.

ஒரு வாரம் ஒத்திகை. அவர் காலை வேறு யாரும் அமுக்கிப் பார்க்கக் கூடாது என்று லயனில் தடை போட்டேன்.

"அண்ணே, மாநாடு முடியிற வரைக்கும் கொணமாயிடாதீங்க" என்று கெஞ்சினேன்.

"நீங்க மருந்தே குடுக்கலியே ஐயா, எப்படி லா கொணமாவும்?" என்றார் அவர்.

வீட்டில் மலாயில் பேச்சை உருப்போட்டுக்கொண்டு நடந்தேன். அன்னம்மாள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, உங்க காலும் வீங்குன மாதிரி இருக்கே."

"ஏம்மா, டிரெஸ்ஸர் நீயா நானா?"

சப்பாத்து கடிக்கிறதா? மலை ஈரத்தில் பூட்ஸ் தோல் சுருங்கிவிட்டது. பாதம் மரத்திருக்கிறதா? குளிர். படியேறினால் மூச்சு வாங்குகிறதா? பொறுப்புள்ள மனிதனுக்கு வாங்கத்தான் செய்யும். எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் தயாராக இருந்தது.

மாநாட்டு நாள் காலையில் லயன் பெண்கள் என் ஒரு வார உழைப்பைக் கவிழ்த்துவிட்டார்கள். பெரிய இடத்துக்குப் போகிற மனுஷன் லயன் மானத்தை வாங்கிவிடக் கூடாதென்று, வீராசாமியைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவித் தலை வாரி, கங்காணியின் கோட்டை இரவல் வாங்கி மாட்டிவிட்டிருந்தார்கள். சாகக் கிடக்கிற ஆள் என்று நான் ஒரு வாரமாக எழுதி வைத்திருந்தவர் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளையாக நின்றார். கழற்றச் சொன்னால் பாக்கியம் அழுதுவிடுவாள் போலிருந்தது.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் காய்கறி லோரி ஒன்று கிடைத்தது. கேஸ் கெட்டுவிடக் கூடாதென்று அவரை முன்னால் உட்கார வைத்தேன். ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் லோரி நின்றுவிடும், நான் இறங்கித் தள்ளுவேன். கேஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தள்ளுங்கையா, தள்ளுங்க!" என்று உற்சாகப்படுத்தியது.

மண்டபத்தில் எல்லாரும் இடுப்பு வளைய வணங்கினோம். டாக்டர் சிரிக்கத் தெரியாத முகத்தோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மலாய் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். முதலில் வந்த டிரெஸ்ஸர் ஆறாத புண் ஒன்றைக் காட்டி மருந்து வாங்கிக்கொண்டு போனார். அடுத்து நான். தொண்டையைச் செருமினேன். அதற்குள் மொழிபெயர்ப்பாளர் வீராசாமியைப் பார்த்து, "அப்பா காபார்?" என்று கேட்டுவிட்டார்.

வீராசாமி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"காபார் பாயிக், துவான்!"

(மலாயில் 'என்ன சேதி?' என்று நலம் விசாரித்தால், பாடையில் படுத்திருப்பவன்கூட 'சேதி நல்லது, ஐயா' என்றுதான் சொல்வான். இந்த நாட்டு மரியாதை அது. ஒரு வார ஒத்திகையில் அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்டுப் பழக்கவில்லை.)

டாக்டர் எழுந்து வந்து என் முன்னால் நின்றார். எனக்குக் கன்னம் முன்கூட்டியே எரிந்தது. ஆனாலும் கனகத்தின் திறந்த வாய்தான் கண்முன் நின்றது, நான் விடுவதாக இல்லை. இவர் மரியாதைக்காகச் சொல்கிறார், இவரால் குந்தி எழ முடியாது, பாருங்கள் என்று மலாயில் படபடத்தேன்.

வீராசாமி குந்தினார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி, "யம்மாடி" என்று எழுந்தே விட்டார். என்னைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு சிரிப்பு வேறு.

"கைய ஊனக் கூடாதுண்ணே!"

"ஊனலேன்னா விழுந்துருவேன்யா. எரவல் கோட்டு, அழுக்காயிரும்ல."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "இப்படிண்ணே, இப்படி!" என்று சபை நடுவில் இரண்டு கையையும் தலையில் வைத்துக் குந்தினேன். குந்தியபடியே டாக்டரைப் பார்த்து, நோயாளி இந்த நிலையிலிருந்து எழ முயல்வார், ஆனால் முடியாது என்று விளக்கினேன். விளக்கிவிட்டு எழ முயன்றேன்.

முடியவில்லை.

தொடை என் பேச்சைக் கேட்கவே இல்லை. இன்னொரு தடவை முக்கினேன். மற்ற டிரெஸ்ஸர்கள் என் நடிப்புக்குக் கை தட்டினார்கள். மூன்றாவது முயற்சியில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன்.

"போதும்யா, எந்திரிங்க" என்றார் வீராசாமி.

"முடியலண்ணே."

"நெசமாவா?"

"நெசமாத்தாண்ணே."

டாக்டர் என் பக்கத்தில் மண்டியிட்டு, சப்பாத்தைக் கழற்றி, காலில் கட்டைவிரலை அழுத்தினார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். முதல் தரமான குழி! ஒரு வாரம் பொத்திப் பொத்திப் பாதுகாத்த வீராசாமியின் காலில்கூட அவ்வளவு ஆழம் விழுந்ததில்லை. பிறகு அவர் வீராசாமியின் வேட்டியை விலக்கி அழுத்தினார். அங்கும் குழி. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நோயாளியே நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்கிறார். இரண்டு மூட்டைத் தவிடு."

திரும்பும்போது லோரியில் முன்சீட்டு எனக்கு. என்னைத் தோளில் தாங்கிக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தது கேஸ்தான்.

அன்னம்மாள் வாசலில் நின்றாள். தவிட்டுக் கஞ்சி காய்ச்சி முதல் கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள். (மாட்டுத் தொட்டி வாசனை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.) மற்றதெல்லாம் லயனுக்கு. பாக்கியத்துக்கு மட்டும் இரட்டைப் பங்கு.

சில நாள் கழித்து, விடிகாலையில் ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தம் லயனையே எழுப்பியது. எல்லாரும் வெளியே ஓடி வந்தார்கள். வீராசாமி வீட்டிலிருந்துதான். யாரும் அந்தக் குழந்தையைச் சமாதானப்படுத்தப் போகவில்லை, நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் அழுதேன், கொஞ்சம் சத்தமாகவே.

கனகம் இப்போது ரிங்லெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறாள். அவள் கூவினால் லோரி ஹாரன் கேட்காது. என் தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், முட்டைக்கோஸ் மலைக்குப் பின்னாலிருந்து ஊருக்கே கேட்கக் கத்துவாள்.

"டிரெஸ்ஸரய்யா! எங்க, குந்திட்டு எந்திரிங்க பாப்போம்!"

கடைத்தெருவே சிரிக்கும். அன்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலையில் வைத்து, அவள் இன்னொரு தடவை கத்தட்டும் என்று காத்திருந்து, குந்தி எழுந்து காட்டுவேன்.