கடப்பாரை சார் ஏறிய பாறை

மலையேறும் சங்கத்தில் வருஷக்கணக்காக இருந்துகொண்டு ஒரு மலையின் உச்சியைக்கூடப் பார்க்காத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பெருங்களத்தூரை அடுத்த பீர்க்கன்கரணையில் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்யும். நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடப்பாரை சார், அவ்வளவுதான்.

எங்களுடையது பெரிய சங்கமெல்லாம் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிக் குடியிருந்து, வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே முதுகு கோணிப்போன கொஞ்சம் பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு வேன் பிடித்து, செங்கல்பட்டு தாண்டி ஏதாவது ஒரு மலைக்குப் போவோம். ஏறுவோம், படம் எடுப்போம், இறங்கி பிரியாணி சாப்பிடுவோம். இன்னொரு ஞாயிறு பாதை வேலை. வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு போய், பாதையை மூடிய புதரை வெட்டி, பிளாஸ்டிக் பொறுக்கி, பெயர்ந்த கற்களைத் திரும்பப் பதித்துவிட்டு வருவோம். ஏறும் ஞாயிறு வேன் நிரம்பி வழியும். பாதை வேலை ஞாயிறன்று பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும், மீதிப் பேர் வீட்டுக்கு விருந்தாளி வந்துவிடுவார்கள்.

கடப்பாரை சாருக்கு இரண்டு ஞாயிறும் ஒன்றுதான். அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி உடம்பு, முழுக்கைச் சட்டை, தோளில் தன் உயரத்துக்கு ஒரு கடப்பாரை. நாங்கள் மேலே போகப் போக, அவர் வழியில் எங்கேயாவது குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். "நீங்க போங்க. இந்தக் கல்லு ஆடுது, பார்த்துட்டு வரேன்" என்பார். நாங்கள் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது அதே இடத்தில் இருப்பார். கல் ஆடாது.

ஒருமுறை வேன் பழுது. எல்லாரும் மின்சார ரயிலில் போய்ச் சேருவதாக ஏற்பாடு. தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் அவரை மடக்கினார்.

"இன்னா சார் இது?"

"கடப்பாரை."

"அது தெரியுது. எங்க எடுத்துகினு போற?"

"மலைக்கு. அங்க தண்ணி நிக்குது."

"மலையில போய் எங்க சார் தண்ணி நிக்கும்? கீழ தானே ஓடும்?"

அந்தப் போலீஸ்காரர் கேட்டிருக்கக் கூடாத கேள்வி அது. கடப்பாரை சார் கடப்பாரையைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தார். மனுஷன் நடந்து பாதை கெடாது, தண்ணி நடந்துதான் கெடும். பாதையில் விழுந்த மழை பாதையிலேயே ஓடினால், அடுத்த வருஷம் அது பாதை இல்லை, ஓடை. அதனால் குறுக்கே சாய்வாகக் கல் பதித்து, தண்ணீரைக் காட்டுப் பக்கம் திருப்பிவிட வேண்டும். எவ்வளவு சாய்வு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாய்வைக் கடப்பாரையால் பிளாட்பாரத்திலேயே கோடு போட்டுக் காட்டினார். இரண்டு ரயில்கள் போய்விட்டன. மூன்றாவதில் போலீஸ்காரரே அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, "சார், திரும்பி வரும்போது வேற ஸ்டேஷன்ல எறங்கிக்கோ" என்று கும்பிட்டார்.

மலைக்குச் செய்ததைத் தன் தெருவுக்கும் செய்து பார்த்தார். வீட்டு வாசலில் மழைநீர் தேங்குகிறது என்று தெருவின் குறுக்கே சாய்வாக ஒரு வாய்க்கால் வெட்டினார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. ஸ்கூட்டர்கள் நின்றன. குடியிருப்போர் சங்கத்தில் புகார் போய், அவர் மனைவி வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். மண்ணைப் போட்டு மூடச் சொன்னார்கள், மூடினார். அடுத்த மழையில் முழங்கால் தண்ணீர். நாலு பேர் வந்து, "சார், அந்தக் கடப்பாரை இருக்கா?" என்று கேட்டார்கள்.

அவருக்குக் கோபம் வரும் ஒரே விஷயம் குறுக்கு வழி. மலைப்பாதை வளைந்து வளைந்து போவதே சரிவைச் சமாளிக்கத்தான். அவசரக்காரர்கள் வளைவைச் சுற்றாமல் நேராக இறங்கினால் அங்கே மண் அரித்துக்கொண்டு போகும். யாராவது அப்படி இறங்கினால் வழியை மறித்து, "தயவுசெய்து திரும்பி ஏறி, வளைஞ்சு வாங்க" என்பார். கை கூப்பித்தான் சொல்வார். கூப்பிய கைகளுக்கு நடுவில் கடப்பாரை இருக்கும் என்பதால் யாரும் வாதாட மாட்டார்கள்.

அப்படி ஒருநாள் எங்கள் தலைவரையே திரும்பி ஏற வைத்தார். தலைவரை நாங்கள் கேப்டன் என்போம். கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை விற்கும் தொழில். கட்டுமஸ்தான ஆள். விடிவதற்குள் ஓடி முடித்துவிட்டு, 'முடியாது என்று ஒரு வார்த்தையே கிடையாது' என்ற ரீதியில் எங்களுக்கெல்லாம் செய்தி அனுப்புவார். எல்லார் முன்னாலும் திரும்பி ஏறியது அவருக்குள் எங்கோ தைத்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் பேச்சை எடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மலை ஏறாதவருக்கு மலையேறும் சங்கத்துல என்ன வேலை? வேன்ல ஒரு சீட்டு, கடப்பாரைக்கு ஒரு சீட்டு. புதுசா எவ்வளவு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. இனிமே உச்சி வரைக்கும் வர்றவங்களுக்குத்தான் இடம்."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. கடப்பாரை சார் எழுந்தார். "சரிங்க. இந்த ஒரு தடவை மட்டும் வந்துடறேன். போன தடவை போட்ட கல்லு சரியா உக்காந்துச்சான்னு பார்க்கணும்" என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிறு கிளம்பும்போது நல்ல வெயில். மலையின் முக்கால் பங்கு மண் பாதை, கடைசியில் மட்டும் வழுவழுப்பான ஒரு மொட்டைப் பாறை. கடப்பாரை சார் பாறை அடிவாரத்திலேயே தங்கிவிட்டார். நாங்கள் மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது காற்று மாறியது. தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் அந்தப் பாறையில் கால் நிற்காது. ஒவ்வொருவராக இறங்கச் சொல்லிவிட்டு, கேப்டன் கடைசியாக இறங்கினார். அவருக்குக் கொஞ்சம் கீழே நான்.

பாதிப் பாறையில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன கேப்டன்?"

"ஒண்ணுமில்ல. கால்ல சின்னப் பிடிப்பு."

முகத்தைப் பார்த்தேன். பிடிப்பு காலில் இல்லை. உதடு வரை வெளுத்திருந்தது. இரண்டு கையும் பாறையோடு ஒட்டிக்கிடந்தன. கீழே இருந்தவர்கள் "கீழ பார்க்காதீங்க" என்று கத்தினார்கள். பார்த்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். நான் கை நீட்டினேன். "தொடாதீங்க, என்னால முடியல" என்றார். இடி உறுமியது. யாரோ ஓடிப்போய்க் கடப்பாரையைக் கேட்டிருக்கிறார்கள், பாறை இடுக்கில் ஊன்றிப் பிடித்துக்கொள்ளலாம் என்று.

கடப்பாரை வரவில்லை. கடப்பாரை சார் வந்தார்.

அவர் ஏறியதை ஏறியது என்று சொல்ல முடியாது. நாலு காலில், பல்லி மாதிரி, மூக்கு பாறையில் உரச, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என்னைத் தாண்டும்போது சட்டை முழுக்க வியர்வை. கேப்டன் பக்கத்தில் போய்ப் பாறையைப் பார்த்தபடி உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"கேப்டன், ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு உயரம்னா பயம். வீட்டு மொட்டை மாடியில துணி காயப்போடக்கூடப் போக மாட்டேன்."

கேப்டன் கண்ணைத் திறந்தார். "அப்புறம் எதுக்கு சார் மலைக்கு வர்றீங்க?"

"மலை பிடிக்கும். உயரம்தான் பிடிக்காது."

"இப்ப எப்படி மேல வந்தீங்க?"

"வந்துட்டேன். எப்படி இறங்கறதுன்னு தெரியல. நீங்க இதுல பழகினவரு. கொஞ்சம் கூட வாங்க."

அவர் தந்திரமாகச் சொன்னார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கையைப் பார்த்தேன். அப்படி நடுங்குகிற கை பொய் சொல்லாது.

கேப்டன் மெதுவாக ஒரு கையைப் பாறையிலிருந்து பிரித்து, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "உக்காந்தே நகருங்க சார். வலது காலை அந்தப் பள்ளத்துல வைங்க. வச்சிட்டீங்களா?" "வச்சிட்டேன். நீங்க?" "நானும் வச்சிட்டேன்." இப்படியே இரண்டு பேரும் அங்குலம் அங்குலமாக வழுக்கி வந்தார்கள். மண்ணில் கால் வைத்தபோது இரண்டு பேண்ட்டுக்கும் பின்பக்கம் இல்லை. அதே நேரம் மழை கொட்டியது.

எல்லாரும் இறங்கி ஓட, கடப்பாரை சார் ஒரு வளைவில் நின்றுவிட்டார். அவர் பதித்த கல்லில் செம்மண் தண்ணீர் வந்து மோதி, திரும்பி, காட்டுப் பக்கம் சமர்த்தாக இறங்கிக்கொண்டிருந்தது. பாதை அப்படியே இருந்தது. "பாருங்க, எப்படிப் போகுது" என்றார். கேப்டன் ஓடவில்லை. மழையில் அவர் பக்கத்தில் நின்று, ரொம்ப நேரம் அந்தத் தண்ணீரைப் பார்த்தார்.

வேனில் இடம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை. இதை எழுதுவதற்கு இருவரிடமும் அனுமதி கேட்டேன். கேப்டன், "என் முகம் வெளுத்ததை மட்டும் விட்டுடுங்க" என்றார். மறந்துவிட்டேன். கடப்பாரை சார், சாய்வைப் பற்றிச் சரியாக எழுதச் சொன்னார்.

அன்று திரும்பும்போது வேனில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். சிங்கப்பெருமாள்கோவில் வருவதற்குள் ஈரத் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம். நான் இறங்க வேண்டிய கூடுவாஞ்சேரியில் வேன் நின்றது. "சார், உங்க ஸ்டாப்" என்றார் டிரைவர்.

தோளை அசைக்காமல், "பரவாயில்லை, பெருங்களத்தூர் வரைக்கும் வரேன்" என்று சைகை காட்டினேன்.